எர்மிலோவுக்குப் புதுத்துணி

காம்பேச்சேயிலிருந்து போமுச்சுக்கு
வேனில் பதினான்கு பேர்,
பதினைந்தாவதாக ஒரு வான்கோழி.
அதன் கால்கயிறு என் செருப்பில் சிக்கியிருந்தது.
ஊர் வந்துவிட்டதென்று ஓட்டுநர் சொல்லவில்லை.
அடுப்பிலிருந்து அப்போதுதான் எடுத்த ரொட்டியின் வாசனை
ஜன்னல் வழியே வந்து சொன்னது.

மறைப்பானேன், கேமராவோடுதான் போனேன்.
மஞ்சள் பூ, மெழுகுவர்த்தி, சர்க்கரை மண்டையோடு
எல்லாம் பார்த்துச் சலித்த படங்கள்.
வேறு ஏதாவது கிடைக்குமென்று
இரண்டு விமானம் மாறி, ஒரு பையைத் தொலைத்து,
விடுதிக்காரரின் சட்டையில் வந்திறங்கினேன்.

நீலம், இளஞ்சிவப்பு, பிஸ்தாப் பச்சை.
கல்லறைத் தோட்டம் தோளுயர அடுக்குவீடுகளின் நகரம்.
வீட்டுக்கொரு மரப்பெட்டி.
பெட்டிக்குள், மூடி திறந்தபடி,
காற்று வாங்கிக்கொண்டு ஒருவர்.

நிடெல்வியா போட் முழங்காலிட்டிருந்தாள்.
ரொட்டிக்கடைக்காரி. முழங்கை மடிப்பில் இன்னும் மாவு.
கையில் பெயின்ட் பிரஷ், இரண்டு அங்குலம்,
விலைச்சீட்டைக்கூடக் கிழிக்கவில்லை.
முதலில் கால் எலும்புகள். பிறகு இடுப்பு.
விரல்களை எண்ணினாள். ஒன்று குறைந்தது.
மறுபடி எண்ணினாள்.
அது கரும்பாலையிலேயே போனதென்று ஞாபகம் வந்து
விட்டுவிட்டாள்.

துடைக்கத் துடைக்கத் திட்டினாள்.
மோட்டார் சைக்கிளுக்கு மூன்று தவணை பாக்கி.
கூரைக்கு வாங்கிய தகரத்தைத் தம்பிக்குத் தூக்கிக் கொடுத்தது.
ஒரு வெள்ளிக்கிழமை "இதோ வந்துடுறேன்" என்று போனது.
வில்பெர்த்துக்கு மீசை அரும்பிவிட்டதையும்
அதே மூச்சில் சொன்னாள்.
தொடை எலும்பைச் சுவரோரம் வெயிலில் சாய்த்தாள்,
கழுவிய அகப்பையைச் சாய்ப்பதுபோல.

வில்பெர்த் பக்கத்துச் சமாதியில் உட்கார்ந்து
மொபைலில் கால்பந்து பார்த்துக்கொண்டிருந்தான்.
"சத்தத்தைக் கூட்டு. அப்பாவும் கேட்கட்டும்."

பிறகுதான் துணியை விரித்தாள். விரித்ததும் முகம் சுருங்கியது.
பூத்தையலில் பெயரின் முதல் எழுத்தைக் காணோம்.
அவர்கள் மொழியில் உச்சரிக்காத எழுத்து அது.
எழுதினால்தான் உண்டு.
ஊசிநூல் தேடி எழுந்தவள்
போகிற போக்கில் மண்டையோட்டை என்னிடம் நீட்டினாள்.
"பிடி. தரையில் வைத்தால் அவனுக்குப் பிடிக்காது."

கேமராவைத் தரையில் வைத்தேன்.

நினைத்ததைவிட லேசு. நினைத்ததைவிடச் சூடு.
காலையிலிருந்து வெயிலில் இருந்தவன் அல்லவா.
மேல்வரிசையில் ஒரு பல்லுக்கு வெள்ளி மூடி.
எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை.
முகம் இருந்தால் முகத்தைப் பார்க்கலாம்.
"பின்பக்கம் கை கொடுங்க, குழந்தையைப் பிடிக்கிற மாதிரி"
என்றான் வில்பெர்த், ஆட்டத்திலிருந்து கண்ணெடுக்காமல்.

சிவப்பு நூலோடு திரும்பி வந்தாள்.
தைத்துக்கொண்டே, "உங்க ஊர்ல?"
எரிப்போம் என்றேன், என் ஓட்டை ஸ்பானிய மொழியில்.
சாம்பலைக் கடலில் விடுவோம்.
"எல்லாத்தையுமா?"
எல்லாத்தையும்.
நூலைப் பல்லால் கடித்தாள்.
"அப்போ யாரைத் திட்டுவீங்க?"

எர்மிலோவைக் கேட்டு வாங்கி
புதுத்துணியில் உட்காரவைத்தாள்.
பெயரில் அந்த ஓர் எழுத்து மட்டும்
மற்றவற்றைவிடக் கொஞ்சம் பெரிது.

திரும்பும் வேனில் வான்கோழி இல்லை.
மடியில் அவள் திணித்த ரொட்டி.
கேமராவில் ஒரே ஒரு படம், எப்போது அழுத்தினேனோ:
சிமென்ட் தரை, என் செருப்பு.

காம்பேச்சேயில் சாலை கடலோரம் திரும்பியது.
வேறு கடல்தான். இருந்தாலும் தண்ணீர்தானே.
ஏண்டா, என்று ஆரம்பித்தேன்,
அந்த ஸ்கேன் ரிப்போர்ட்டை
ஏன் என்கிட்டக் காட்டல?

மனதுக்குள்தான் கேட்டேன் என்று நினைத்தேன்.
பக்கத்து சீட்டுக்காரர் என்னைப் பார்த்தார்,
கடலைப் பார்த்தார்,
பையை மடியில் தூக்கிவைத்துக்கொண்டு
நகர்ந்து இடம் விட்டார்,
இன்னொருவர் உட்காரும் அளவுக்கு.